அனுபானமும் ஆராய்ச்சியும்

மருந்து எது என்று கேட்பவர் பலர். அம்மருந்தை எதனோடு உண்பது என்று கேட்பவர் சிலர். சித்த வைத்தியம் இரண்டாவது கேள்வியையும் முதற் கேள்விக்கு இணையாகவே மதித்தது. ஒரே சூரணத்தை ஒரு நோய்க்குத் தேனிற் குழைத்தும், வேறொரு நோய்க்கு நெய்யிற் கலந்தும், மற்றொன்றுக்கு வெந்நீரிலும் கொடுப்பது வைத்தியர் மரபு. மருந்தை ஏந்திச் செல்லும் இத்துணைப் பொருளுக்கு அனுபானம் என்று பெயர். அனுபானம் தவறினால் மருந்தும் தவறும் என்பது முன்னோர் கொள்கை.

இக்காலத்து மருந்தாக்க விஞ்ஞானமும் இதே பொருளைப் பற்றியே வேறு சொற்களில் வினவுகின்றது. உண்ட மருந்தில் எவ்வளவு பங்கு குருதியை அடைகின்றது? அடையாததை அடையச் செய்வது எங்ஙனம்? அடைந்தபின் விளைவது நன்மை மட்டுந்தானா? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதற்கு அரிய மூலிகைகளைத் தேடி மலையேற வேண்டியதில்லை. அடுக்களையிலுள்ள மஞ்சளும் மிளகும் போதியன.

மஞ்சளுக்கு நிறந் தரும் பொருளை வோகல், பெலற்றியே என்னும் இருவர் 1815ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தனர். குர்க்குமின் எனப்படும் அப்பொருளின் இரசாயன அமைப்பு 1910இல் துணியப்பட்டது. மஞ்சட் பொடியில் அது நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கே உண்டு. பிற்கால ஆராய்ச்சியாளர் அதனைச் சோதனைக் குழாயில் வளர்த்த உயிர்க்கலங்களில் இட்டுப் பார்த்தனர். அழற்சியைத் தணித்தல், கிருமிகளை அடக்குதல், புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுத்தல் எனப் பல குணங்கள் அதற்குக் கூறப்பட்டன. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. ஆனாற் சோதனைக் குழாய்க்குக் குடல் இல்லை, ஈரலும் இல்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டு. அங்கேதான் தொல்லை தொடங்கியது.

குர்க்குமின் எண்ணெயிற் கரையுமேயன்றி நீரிற் கரைவது அரிது. ஆதலாற் குடலிலுள்ள நீர்மத்தில் அதன் பெரும்பகுதி கரையாமலே கழிந்துபோகின்றது. கரைந்து குடற்சுவரினுட் புகுந்த சிறு பகுதியையும் அங்குள்ள நொதியங்கள் பற்றிக்கொள்கின்றன. அயற்பொருளொன்று உட்புகுந்தால், அதனோடு வெல்லத்துக்கு இனமான ஓர் அமிலத்தைப் பிணைத்து, எளிதில் நீரிற் கரையச் செய்து, வெளியே அனுப்பிவிடுவது இந்நொதியங்களின் தொழில். அவற்றுக்குத் தப்பியதை ஈரல் அவ்வழியிலேயே ஒழிக்கின்றது. இரண்டு கிராம் தூய குர்க்குமினை ஒருவர் உண்டாலும் அவரது குருதியில் அதனைக் காண்பது அரிது. இவ்வளவு குர்க்குமினைப் பெறுவதற்கு அறுபது கிராமுக்குக் குறையாத மஞ்சட் பொடி வேண்டும் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இனி மிளகின் செய்தி. மிளகுக்குக் காரந் தரும் பைப்பரின் என்னும் பொருளை 1819இற் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி ஏர்ஸ்ரெட் என்பவர். மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பை அடுத்த ஆண்டில் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. திப்பிலியிலும் இப்பொருள் உண்டு. வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்பர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று இம்மருந்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அதில் ஒவ்வொரு வெண்பாவும் மும்மூன்று கருத்துக்களைக் கூறுவதே காரணம்.

நோய்கள் பலவாயிருக்க, அவற்றுக்குரிய மருந்துகள் பலவற்றிலும் திரிகடுகம் திரும்பத் திரும்ப வருவதேன்? இந்தியாவில் ஜம்மு நகர ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றிய அட்டால் என்னும் அறிஞரின் கருத்தை இக்கேள்வி ஈர்த்தது. கைநூலொன்றிற் கண்ட 370 ஆயுள்வேத மருந்துகளுள் 210இல் திரிகடுகமோ அதன் உறுப்பொன்றோ இடம்பெற்றிருந்தது. மிளகும் திப்பிலியும் தாமே நோயைத் தீர்ப்பதற்காகவன்றி, மற்றை மருந்துகள் உடலிற் சேர்வதற்கு உதவியாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என அவர் கருதினார். அக்கருத்து 1979ஆம் ஆண்டு முதற் சோதனைகளுக்கு உட்பட்டது.

பைப்பரின் செய்வது யாதெனில், மேலே கூறிய நொதியங்களைச் சிறிது நேரம் செயலற்றிருக்கச் செய்வதே. குடற்சுவரிலே, உட்புகும் பொருள்களை மீண்டும் குடலுக்குட் தள்ளும் வாயிற்காவலர் போன்ற புரதமொன்றும் உண்டு. அதனையும் பைப்பரின் அடக்குகின்றது. காவலர் அயர்ந்த வேளையில் அயலார் உள்ளே நுழைவது போல மருந்து குருதியை அடைகின்றது. பெங்களூர்ச் சென்ற் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் புகழ்பெற்றது. உடல்நலமுள்ள சிலருக்கு இரண்டு கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, குருதியை அடைந்த குர்க்குமின் ஏறத்தாழ இருபது மடங்காயிற்று. இருபது மடங்கு என்பது பெரிதாகத் தோன்றும். ஆயினும் மிகச் சிறியதன் இருபது மடங்கும் சிறியதே என்பதை மறத்தலாகாது.

இவ்வறிவு மருந்தாக்கத்திலும் பயன்பட்டது. காசநோய்க்குரிய றிபாம்பிசின் என்னும் மருந்தை வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில், அதனை 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரினும் மற்றொரு காசநோய் மருந்தும் சேர்த்த கூட்டு மருந்து 2009இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பழைய அனுபானக் கொள்கை புதிய மருந்துச்சாலையினுட் புகுந்த காட்சி இது. குர்க்குமினைக் கொழுப்புப் பொருளோடு பிணைத்தும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக்கியும் குருதிக்குட் செலுத்தும் வேறு முறைகளும் தோன்றின.

இதுவரை கூறியது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தையும் நோக்குதல் முறை. காவலர் அயர்ந்தால் நண்பர் மட்டுமா நுழைவர்? பைப்பரின் குர்க்குமினுக்கென ஒரு வாயிலும், பிற மருந்துகளுக்கென வேறொரு வாயிலும் வைத்திருப்பதில்லை. குருதியமுக்கத்துக்குரிய புரொப்பிரனலோல், தொய்வு நோய்க்குரிய தியோபிலின் ஆகிய இரண்டும், பைப்பரின் உண்டவர்களது குருதியில் மிகுதியாகச் சேர்ந்தமை 1991இல் வெளியான ஆய்வொன்றிற் காணப்பட்டது. தியோபிலின் அளவு குறைந்தாற் பயனில்லை. சற்றே மிகுந்தால் நஞ்சு. வைத்தியர் நோயாளியின் நிலையறிந்து அளந்து கொடுத்த மருந்து, அவர் அறியாமல் உண்ணப்படும் வேறொரு குளிசையால் அளவு மீறிப்போவது எளிது. இரண்டையும் ஒருவரே உண்கின்றார்; ஒன்றை மட்டுமே வைத்தியர் அறிவார்.

மஞ்சளுங்கூட, செறிவாக்கி உண்ணும்போது முற்றிலும் தீங்கற்றதென்று கூறுவதற்கில்லை. மருந்துகளால் ஈரலுக்கு நேரும் கேட்டை ஆராயும் ஐக்கிய அமெரிக்க வைத்தியர் குழுவொன்று, 2011 முதல் மஞ்சட் குளிசை முதலியவற்றால் ஈரல் கெட்ட பத்துப் பேரின் வரலாற்றை 2022இல் வெளியிட்டது. அவர்களுள் ஐவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். சோதித்துப் பார்த்த ஏழு மருந்துகளுள் மூன்றிற் பைப்பரினும் இருந்தது. பத்துப் பேருள் எழுவர் ஒரு குறிப்பிட்ட மரபணு வகையை உடையவராயிருந்தனர். எனவே இக்கேடு எல்லாருக்கும் நேர்வதன்று. உண்பவர் மிகப் பலராயிருக்க, சிலருக்கே நேர்வது. ஆனால் அச்சிலர் யாரென்பது முகத்தைப் பார்த்து அறியக்கூடியதன்று.

இத்தீங்கைப் பொறுத்துக்கொள்ளுமளவுக்கு நன்மை உண்டோ என்பது அடுத்த வினா. 2017இல் இரசாயன அறிஞர் சிலர் குர்க்குமின் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். 120க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடத்தப்பட்டிருந்தும், மருந்தையும் போலி மருந்தையும் கொடுப்பவரும் உண்பவரும் அறியாவண்ணம் ஒப்பிட்ட கண்டிப்பான சோதனையொன்றிலேனும் அது திட்டமாக வெற்றி பெறவில்லை என்று அவர்கள் முடிவு கூறினர். சோதனைக் குழாயிற் கண்ட குணங்கள் சிலவும், குர்க்குமினின் நிறமும் ஒளிவிடுந் தன்மையும் அளவைக் கருவிகளை மயக்கியதால் தோன்றிய பொய்த் தோற்றங்களே எனவுங் காட்டினர். மூட்டு வலி முதலியவற்றுக்கு ஓரளவு பயனுண்டு என்று கூறும் ஆய்வுகளும் உள்ளன. அவற்றுட் பல சிலரையே கொண்டு குறுகிய காலம் நடத்தப்பட்டவை.

இவற்றையெல்லாம் கேட்டபின், கறியில் மஞ்சள் இடுவதற்கு அஞ்சவேண்டுமோ என்று எவரும் கலங்கவேண்டியதில்லை. தேங்காய்ப்பாற் கறியில் இடும் ஒரு சிட்டிகை மஞ்சளும் இரசத்திலிடும் சிறிது மிளகும் உணவு. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக உண்டு பழகியது தமிழரின் உடல். அதே மஞ்சளைப் பிழிந்து, முப்பது மடங்கு செறிவாக்கி, காவலரை அயரச் செய்யும் பைப்பரினையும் கூட்டிக் குளிசையாக்கினால், அது உணவன்று, மருந்து. போத்தலின்மேல் இயற்கை என்ற சொல் எழுதப்பட்டிருப்பதனால் அதன் தன்மை மாறுவதில்லை. மருந்தின் வலிமையை விரும்புவோர் மருந்துக்குரிய அளவையும், காலத்தையும், கண்காணிப்பையும் ஏற்றுக்கொள்ளவே வேண்டும்.

ஆகவே, நாள்தோறும் வேறு மருந்து உண்போரும், ஈரல் நோயுடையோரும், கருவுற்ற தாய்மாரும் இத்தகைய குளிசைகளைத் தாமாக உண்ணத் தொடங்குதல் தகாது. உண்பவராயின் அதனைத் தம் வைத்தியரிடம் மறைத்தலும் தகாது. கண் மஞ்சள் நிறமாக மாறுதல், சிறுநீர் கடும் நிறமாக மாறுதல், காரணமறியாத சோர்வு, பசியின்மை ஆகியவை தோன்றினால் உடனே குளிசையை நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். என்ன மருந்து உண்கிறீர் என்று வைத்தியர் கேட்கும்போது, வீட்டு மருந்துதானே, இதனைச் சொல்வானேன் என்று எண்ணுவது பலரது வழக்கம். அனுபானத்தின் வலிமையை அறிந்த பரம்பரையில் வந்தவர்க்கு அவ்வெண்ணம் பொருந்தாது. துணையாக வருவதும் மருந்தே என்பதை அப்பரம்பரை என்றோ அறிந்திருந்தது.