அப்பீல் ஜாமீன்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



உறவினர் ஒருவர் நம் வாசலில் வந்து, "ஒரு கைச்சாத்துத்தானே, அண்ணா!" என்று கேட்டால், தாட்சண்யத்தால் மறுக்க நமக்கு நா எழுவதில்லை. அக்கைச்சாத்தின் பாரம் எத்தகையது என்பதையே இன்று ஆராயப் புகுந்தோம்.

பண வழக்கில் தோற்றவன் அப்பீல் செய்த மாத்திரத்தில் டிக்கிரி நிறைவேற்றம் நின்றுவிடாது. 1908-ம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டம் 41-வது ஆர்டர் 5-வது விதிப்படி, தடையுத்தரவு வேண்டுவோன் தக்க ஈடு காட்டல் வேண்டும். கையில் பணமும் சொத்தும் இல்லாதவன் அப்போதுதான் உறவினரை நாடுகின்றான்.

ஜாமீனாவது ஒருவனுடைய நன்னடத்தைக்குக் கூறும் சாட்சியம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. அப்பீல் தோற்குமாயின், அச்சட்டத்தின் 145-வது பிரிவின்படி, தனி வழக்கின்றியே நோட்டீஸ் கொடுத்து, ஜாமீன்தாரர் ஒப்பிய அளவுக்கு அவர்மீதே டிக்கிரியை நிறைவேற்றலாம். "முதலில் கடனாளியிடம் வசூலியுங்கள்" என்னும் வாதமும் பொதுவாகச் செல்லாது. கடன் ஜாமீன் பற்றிய பாங்க் ஆப் பிஹார் வழக்கில், கீழ்க்கோர்ட்டு விதித்த அத்தகைய நிபந்தனையைச் சுப்ரீம் கோர்ட்டு 1968-ல் நீக்கியது.

கொடுத்த பணத்தைக் கடனாளியிடம் வசூலிக்க, 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டம் நமக்கு உரிமை தருகின்றது. ஆயினும், கொடுக்க வகையற்றவனிடம் உரிமை இருந்தென்ன? அதனால் நம் வீட்டு அடுப்பு எரியாது.

உதவவே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அறிந்து உதவுக என்கின்றோம். டிக்கிரித் தொகையையும் வட்டியையும் செலவையும் முதலிற் கூட்டிப் பாருங்கள். நமது பொறுப்பு இத்தனை ரூபாய்க்கு மேற்படாது என்று பத்திரத்தில் தொகையை வரையறுத்து எழுதுங்கள். அல்லது குறிப்பிட்ட ஒரு சொத்தளவில் நிறுத்துங்கள். எந்தக் கோர்ட்டின் தீர்ப்பு வரையில் அது கட்டுப்படுத்தும் என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளியுங்கள். பத்திரத்தின் நகலொன்றை வீட்டில் வையுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கைச்சாத்திடுமுன் இல்லாளுக்கும் மக்களுக்கும் அதனைத் தெரிவியுங்கள். வீடு ஏலத்திற்கு வரும் நாளில் அவர்கள் முதன்முதலாக அறிவதினும் கொடுமை பிறிதில்லை.

இயலாதபோது இயலாதென முகமெதிரே உரைப்பது உறவுக்குத் துரோகமன்று. இரு குடும்பங்கள் ஒருங்கே அழியாமற் காப்பதும் உறவின் கடமையேயாம்.