கடலடி மின்வடமும் இரு கரைகளின் பொறுப்பும்



திருவள்ளூர் மாவட்டம் மின்சாரத்தைப் பேரளவில் ஆக்கவும் செய்கிறது, பேரளவில் செலவிடவும் செய்கிறது. வல்லூரில் 1,500 மெகாவாட் திறன் கொண்ட அனல்மின் நிலையமும், அதன் அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையமும் இயங்குகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள உருக்காலைகளில் பழைய இரும்பை உருக்கும் மின் உலைகள் அம்மின்சாரத்தை நம்பியே எரிகின்றன. இரண்டுக்கும் இடையில் நிலம் இருப்பதால், கோபுரங்களை நட்டுக் கம்பியை இழுத்தால் வேலை முடிந்துவிடுகிறது. மின்சாரம் மிகுந்த கரைக்கும் அது தேவைப்படும் கரைக்கும் நடுவே கடல் கிடந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பொறியியல் துறை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டது; ஆயினும் தமிழ்நாட்டின் தென்கரையில் அக்கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

கடலடியில் நீண்ட மின்வடம் பதிப்பதில் முதல் தடை மாறுதிசை மின்னோட்டமே ஆகும். வடத்தின் நடுவிலுள்ள செம்பும், வெளியிலுள்ள உலோக உறையும், இடையிலுள்ள மின்காப்பும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கருவியாக, மாறிவிடுகின்றன. நம் வலையமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு நூறு முறை திசை மாறும் மின்னோட்டம், ஒவ்வொரு முறையும் இந்தத் தேக்கியை நிரப்பியும் வடித்தும் தன் வலிமையை இழக்கிறது; வடம் நீள நீள, அது சுமக்கக்கூடிய மின்னோட்டம் முழுவதும் இவ்வேலைக்கே போய், மறுகரைக்குப் பயனுள்ளதாக எதுவும் சேராத நிலை வந்துவிடும். நேர்திசை மின்னோட்டம் தேக்கியை ஒருமுறை நிரப்பியதோடு விட்டுவிடுவதால், அதற்கு இத்தடை இல்லை. மும்பைக்கு அருகிலுள்ள எலிபெண்டா தீவுக்கு 2018 இல் பதிக்கப்பட்ட ஏழரை கிலோமீட்டர் வடத்துக்கு மாறுதிசையே போதுமானதாக இருந்தது. 1954 இல் ஸ்வீடன் தன் காட்லாண்ட் தீவுக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு வடம் இட்டபோது, 20 மெகாவாட்டுக்கே நேர்திசையைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டு தீவுகளை இவ்வகையில் இணைத்ததற்கு நியூசிலாந்தே சிறந்த சான்று. தென்தீவில் ஆறுகளும் அணைகளும் மிகுதி, வடதீவில் மக்களும் தொழில்களும் மிகுதி என்பதால், 1965 இல் தென்தீவின் பென்மோர் நீர்மின் நிலையத்திலிருந்து வடதீவின் ஹேவர்ட்ஸ் வரை 600 மெகாவாட் திறனுள்ள நேர்திசை இணைப்பு அமைக்கப்பட்டது. அதன் ஏறத்தாழ 610 கிலோமீட்டர் நீளத்தில் குக் நீரிணையின் அடியில் கிடப்பது 40 கிலோமீட்டர்தான். அந்த இணைப்பின் திறன் இன்று 1,200 மெகாவாட்டாக உயர்ந்திருக்கிறது; மழை பொய்த்து அணைகள் வற்றும் காலத்தில் அதே வடத்தின் வழியே வடக்கிலிருந்து தெற்கே மின்சாரம் பாய்கிறது.

இத்தகைய வடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான வட்டத்துக்குள் நடுவே செம்பும், அதைச் சூழ எண்ணெய்ப்பசை ஊறிய காகிதச் சுருள்களாலோ பாலிஎத்திலீனாலோ ஆன மின்காப்பும், நீர் புகாமல் தடுக்கும் ஈய உறையும், இழுவிசையையும் அடியையும் தாங்கும் எஃகுக் கம்பிகளும், தார் தோய்ந்த நூல் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இவற்றுள் காப்புக்குள் சிக்கிய சிறு ஈரமோ தூசியோ ஆண்டுகள் கழித்து வடத்தையே துளைத்துவிடும் என்பதால், தொழிற்சாலையில் நடைபெறும் இணைப்பு வேலையும் மின்னழுத்தச் சோதனையும் கடலில் நடைபெறும் பதிப்பு வேலைக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

இனிப் பாக் நீரிணைக்கு வருவோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான் உள்ளது; குக் நீரிணையோடு ஒப்பிட்டால் அதன் ஆழமும் மிகக் குறைவு. இந்தியாவையும் இலங்கையையும் மின்சாரத்தால் இணைக்கும் எண்ணம் 1970களிலிருந்தே பேசப்படுகிறது. மதுரையையும் அநுராதபுரத்தையும் 1,000 மெகாவாட் அளவில் இணைப்பது பற்றி ஆராய 2010 இல் ஓர் ஒப்பந்தமும், நேர்திசை இணைப்பை நிறைவேற்ற 2025 ஏப்ரலில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தாயின. தொழில்நுட்பமும் கைவசம் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்திசைப் பாதை ஏற்கெனவே இயங்கி வருகிறது. இணைப்பின் தேவையும் வெளிப்படை: 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின் நிலையத்தில் நேர்ந்த பழுதால் இலங்கைத் தீவு முழுவதுமே இருண்டது. அத்தகைய வேளையில், பழுதைத் தன் பக்கம் பரவவிடாமலே உதவிக்கு மின்சாரம் அனுப்பும் ஆற்றல் நேர்திசை இணைப்புக்கு உண்டு.

அப்படியிருந்தும் வேலை நடைபெறாமைக்குக் காரணம் கடல் அன்று. நியூசிலாந்தில் இரு கரைகளுக்கும் ஒரே அரசு. ஒரு கரையின் உபரியும் மறுகரையின் தேவையும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. இங்கோ இரண்டு அரசுகள், இரண்டு கட்டண முறைகள். மேலும், மன்னாரில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் வீசுவதால், காற்றாலை மின்சாரம் இரு கரைகளிலும் ஒரே மாதங்களில் மிகுந்து நிற்கும். ஆகவே, யார் எப்போது விற்பது, என்ன விலைக்கு வாங்குவது, பழுது நேர்ந்தால் இழப்பை யார் ஏற்பது என்பவற்றைத் தீர்க்காமல் வடத்தின் தடிமனைக்கூட முடிவு செய்ய இயலாது.

மீனவர் நிலையும் இக்கணக்கில் சேர்ந்ததே. குக் நீரிணையில் வடம் கிடக்கும் பகுதியில் நங்கூரமிடுவதும் மீன்பிடிப்பதும் சட்டத்தால் தடை செய்யப்பட்டு, ரோந்தும் நடைபெறுகிறது. எல்லைத் தகராறுகளால் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் இராமேசுவரம், மன்னார் மீனவர்களிடம் இன்னொரு தடையைக் கொண்டுபோய்த் திணிப்பது முறையாகாது. இழுவலையும் நங்கூரமும் எட்டாத ஆழத்தில் வடத்தைப் புதைக்கும் செலவையும், வேலை நடைபெறும் நாட்களுக்கான இழப்பீட்டையும் திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுவதுதான் நேர்மையான பொறியியல்.

இன்று பட்டம் பெறுவோரில் பலர், திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பேட்டைகளிலேயே வடம், மின்மாற்றி, உருக்கு ஆகியவற்றின் தரத்துக்குச் சான்றளிக்கும் பணியில் சேரக்கூடும். கடலடியில் நாற்பது ஆண்டுகள் கிடக்க வேண்டிய பொருளை மறுபடி எடுத்துப் பார்க்க எவருக்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. சோதித்தவரின் கையெழுத்தே அதற்குக் காவல். சோதிக்காததைச் சோதித்ததாக எழுதாதீர்கள். உங்கள் வரைபடம் தொடும் கரையில் வாழ்பவரிடம் கேட்காமல் கோடு போடாதீர்கள். இவ்விரண்டையும் காப்பவர்களால் பாக் நீரிணை இணைப்பு ஒருநாள் நிறைவேறும்.