மீன் சாகலைன்னா தண்ணி சுத்தமா?

(வாய்க்கால் பாதுகாப்பு ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

போன ஐப்பசியில் நடந்ததை நாம யாரும் மறக்கலை. விடியக்காலம் தண்ணி திருப்பப் போனவங்க வாய்க்கால்ல எண்ணெய் மினுமினுக்கிறதைப் பார்த்தாங்க. ஒரே மண்ணெண்ணெய் வாடை. பொழுது விடிஞ்சு பார்த்தா, மதகு ஓரத்துல அயிரையும் கெண்டைப்பொடியும் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. மாடு வாய் வச்சிட்டுத் தலையைத் தூக்கிடுச்சு. எண்ணெய்க் குழாய் எந்த இடத்தில் கசிந்தது என்று ஊரே போய்க் கண்ணால் பார்த்தோம்.

அன்றைக்கே மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்தது நாலாம் நாள். அதற்குள் இரண்டு நாள் அடைமழை பெய்து, வாய்க்கால் கரை தளும்ப ஓடிவிட்டது. அரை மைல் தள்ளிப் பாலத்தடியில், ஒரு பிளாஸ்டிக் கேனில் பாதியளவு தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தண்ணியில் மீன் விட்டுப் பார்த்தார்களாம். நாலு நாளும் மீன் சாகவில்லையாம். ஆகவே பாதிப்பு இல்லையாம். நிவாரணம் கேட்க முகாந்திரம் இல்லையாம்.

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் வாயடைத்து நின்றோம். மீன் சோதனை என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. தெரியாததால் கேள்வி கேட்க முடியவில்லை. இப்போது தெரிந்துகொண்டு வந்திருக்கிறோம். அதைத்தான் இங்கே பேசப் போகிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஹைட்ரோகார்பன் என்பது என்ன?

இந்த வார்த்தை நமக்குப் புதுசு இல்லை. 2017-இல் நெடுவாசல் மக்கள் போராடியபோது நாடே கேட்ட வார்த்தை இது. அதே 2017 ஜூன் 30-ந் தேதி கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியதையும், கேள்வி கேட்ட மக்கள் மீது தடியடி நடந்ததையும் பார்த்தோம். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கும் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் அது புதிய கிணறுகளுக்குத்தான் தடை. அதற்கு முன்பே போட்ட கிணறும் குழாயும் நம் வயலுக்கடியில் அப்படியேதான் இருக்கிறது.

கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது ஹைட்ரோகார்பன். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், கச்சா எண்ணெய் எல்லாமே இவற்றின் கலவைதான். அதற்குள்ளே பென்சீன், டொலுவீன், சைலீன், நாப்தலீன் என்று பல சரக்கு இருக்கிறது. எண்ணெய் தண்ணியில் கரையாது என்று நாம் நினைக்கிறோம். முழுதும் அப்படி இல்லை. மேலே மிதக்கிற படலம் ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாமல் கரைகிற பென்சீன், டொலுவீன் இன்னொரு பக்கம். ஒரு லிட்டர் தண்ணியில் பென்சீன் ஒன்றே முக்கால் கிராம் வரைக்கும் கரையும்.

கரைந்தது மீனின் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த மாதிரி மீன் கிறங்கும். நிலை தடுமாறும். மல்லாந்துவிடும். அந்த நேரத்தில் நல்ல தண்ணியில் எடுத்து விட்டால் பிழைத்தாலும் பிழைக்கும். வாய்க்காலில் யார் எடுத்து விடுவது? இது போக, எண்ணெய்ப் படலம் செவுளை அப்பி மூச்சையும் அடைக்கிறது.

மீன் சோதனை எப்படி நடக்கிறது?

சோதனையில் தப்பில்லை. நல்ல சோதனைதான். ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ரசாயனத்தைச் சோதிக்க, தொட்டிகளில் குறைச்சலிலிருந்து கூடுதலாக ஐந்து அளவுகளில் கலக்குவார்கள். ஒன்றில் எதுவும் கலக்காத நல்ல தண்ணீர் இருக்கும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன். 24, 48, 72, 96 மணி நேரத்தில் எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள். பாதி மீன் சாகிற அளவு எதுவோ, அதுதான் அந்தச் சரக்கின் உடனடி நச்சுக் கணக்கு. நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே மீன் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் அந்தச் சோதனையே செல்லாது. உலக நாடுகள் பின்பற்றும் ஓ.இ.சி.டி. 203-ஆம் எண் முறை இது.

ஆலைக் கழிவுநீருக்கு நம் நாட்டு விதி இன்னும் எளிது. 1986-ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணையில் இருக்கிறது. கழிவுநீரில் வேறு தண்ணீர் ஒரு சொட்டும் கலக்காமல், அப்படியே மீனை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து 100-க்கு 90 மீன் உயிரோடு இருக்க வேண்டும். அதே அட்டவணையில், ஆறு குளத்தில் விடும் கழிவுநீரிலும் பாசனத்துக்கு விடும் கழிவுநீரிலும் எண்ணெய்ப் பசை லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது.

நம் வாய்க்காலில் எங்கே கோட்டை விட்டார்கள்?

முதலாவது, நாள். செத்த மீன் மிதந்தது முதல் நாள். தண்ணீர் எடுத்தது நாலாம் நாள், அடைமழைக்குப் பிறகு. களவு போன வீட்டை வெள்ளையடித்துவிட்டுக் கைரேகை தேடிய கதை இது.

இரண்டாவது, இடம். விதி கேட்பது வெளியே வருகிற கழிவை, அது வருகிற இடத்தில். அரை மைல் தள்ளி, மழைத் தண்ணி கலந்த வாய்க்காலில் மொண்டது எந்தக் கணக்கில் சேரும்?

மூன்றாவது, பாத்திரம். இதுதான் ரொம்ப முக்கியம். பென்சீனும் டொலுவீனும் பெட்ரோல் மாதிரி ஆவியாகிப் பறந்துவிடும். மூடி திறந்த பெட்ரோல் கேன் வெயிலில் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பாதி நிறைந்த கேனில், வேனின் சூட்டில் குலுங்கிக்கொண்டே போன தண்ணியில் என்ன மிச்சம் இருக்கும்? போதாததற்கு, மீனுக்கு மூச்சு வேண்டும் என்று தொட்டியில் காற்றைப் பலமாக ஊதினால், இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அதனால்தான் ஹைட்ரோகார்பனைச் சோதிக்கும்போது மூடிய தொட்டியிலோ, புதுத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கிற தொட்டியிலோ செய்ய வேண்டும், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவ்வப்போது அளக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துகிறார்கள்.

நான்காவது, மீன். எல்லா மீனும் ஒன்று இல்லை. விரால், குறவை, பனையேறிக்கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றையே குடிக்கும். மூச்சடைக்கிற தண்ணியிலும் தாக்குப் பிடிக்கும். கெண்டைப்பொடிக்கு அந்த வசதி இல்லை. முட்டையும் குஞ்சும் அதைவிட மென்மை. நாலு நாள் சோதனை பெரும்பாலும் குஞ்சுப் பருவம் தாண்டிய மீனை வைத்துச் செய்வது. அந்த வருடம் முட்டை பொரிந்ததா, குளத்தில் மறுவருடம் மீன் இருந்ததா என்று அது சொல்லாது.

ஐந்தாவது, வெயில். 1983-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியானது. ஆந்த்ரசீன் என்ற ஹைட்ரோகார்பனை மிக மிகக் கொஞ்சம், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு போலக் கலந்தார்கள். நிழலில் இருந்த மீன் சாகவில்லை. வெயில் பட்ட மீன் இரண்டு நாளில் செத்தது. ஆய்வுக்கூடத்து டியூப் லைட்டில் பிழைத்த மீன், நம் ஊர் வெயிலில் பிழைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

மீன் பிழைத்தால் மனுசனுக்குச் சரியா?

பெருமக்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

1966-இல் பிக்கரிங், ஹென்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவற்றை நாலு வகை நன்னீர் மீனில் சோதித்தார்கள். அதில் ஒன்று தொட்டியில் வளர்க்கிற தங்கமீன். இன்னொன்று, கொசுப்புழு தின்ன நம் ஊரில் தண்ணித் தொட்டியில் விடுகிறார்களே, அந்தக் கப்பி மீன். பாதி மீன் சாக, பென்சீன் லிட்டருக்கு ஏறத்தாழ 22 முதல் 37 மில்லிகிராம் வரை தேவைப்பட்டது. பின்னாளில் ஓடும் தண்ணியில், அளந்து அளந்து செய்த சோதனையில், ட்ரவுட் என்ற குளிர்நாட்டு மீன் 5.3 மில்லிகிராமிலேயே பாதி செத்தது. மீனும் வேறு, முறையும் வேறு, விடையும் வேறு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தண்ணியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் பென்சீன் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கப்பி மீன் நாலு நாளும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காகிதத்தில் "மீன் சாகவில்லை" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் குடிதண்ணியில் பென்சீன் 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து எங்கே, 0.01 எங்கே? ஆயிரம் மடங்கு! பென்சீன் ரத்தப் புற்றுநோய் கொடுக்கிற சரக்கு. அது நாலு நாளில் வருகிற நோயா?

வாய்க்கால் ஓரத்துக் கைப்பம்பில்தான் நம் வீட்டுப் பெண்கள் தண்ணி பிடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள். மீன் செத்தால் தண்ணி கெட்டது நிச்சயம். மீன் சாகவில்லை என்பதால் தண்ணி நல்லது என்று ஆகிவிடாது. இதுதான் நாம் சொல்ல வந்த ஒரே விஷயம்.

நம்ம மேலயும் விரல் நீட்டுவாங்க

"நீங்க அடிக்கிற பூச்சிமருந்துலதான் மீன் செத்தது" என்று சொல்வார்கள். சொல்லட்டும். நாம் ஒளிக்க வேண்டியதில்லை. சில பூச்சிமருந்து மீனுக்குக் கொடிய விஷம்தான். மருந்து அடித்த டின்னை வாய்க்காலில் கழுவுகிற பழக்கத்தை நாமும் இன்றோடு விட வேண்டும். ஆனால் எது கொன்றது என்பதைச் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டாம். உடனே தண்ணி எடுத்து, எண்ணெய்க்கும் பார், பூச்சிமருந்துக்கும் பார் என்று நாமே கேட்போம். நமக்கு பயம் இல்லை.

அடுத்த தடவை நாம் என்ன செய்யணும்?

எண்ணெய் வாடை வந்த உடனே, அந்த மணி நேரத்திலேயே, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாசில்தாருக்கும் தகவல் கொடுத்து, எழுத்திலும் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். தீப்பிடிக்கும் சரக்கு, பீடி சிகரெட் கிட்டே கூடாது. கசிவுக்குப் பக்கத்தில் யாரும் போக வேண்டாம்.

தள்ளி இருக்கிற இடத்தில் நாமும் தண்ணி எடுத்து வைக்கலாம். கண்ணாடி பாட்டில்தான் வேண்டும். டாஸ்மாக் பாட்டில் வேண்டாம், அப்புறம் அதுல சரக்கு வாடை இருக்குன்னு கேஸே மாறிப்போயிடும்! சுத்தமான பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும். கசிவுக்கு மேல்பக்கத்துத் தண்ணி ஒரு பாட்டில், கீழ்பக்கத்துத் தண்ணி ஒரு பாட்டில். செத்த மீனையும் ஐஸில் வையுங்கள். செல்போனில் தேதியோடு படம் எடுங்கள். எந்த மீன் எத்தனை என்று எழுதுங்கள்.

ஆனால் வழக்குக்கு நிற்பது வாரியம் முறைப்படி எடுக்கிற மாதிரிதான். 1974-ஆம் வருடத் தண்ணீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரியை ஆலைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. அதை விடாமல் கேட்போம். சோதனை அறிக்கை முழுவதையும் 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. மற்ற தாவாவுக்கு ஆறு மாதம்தான். நாளைக் கடத்தாதீர்கள்.

நம் கோரிக்கைகள்

1. கசிவுத் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள், ஊர்மக்கள் முன்னிலையில் கசிந்த இடத்திலேயே மாதிரி எடு!

2. மீன் சோதனையை மூடிய தொட்டியில் நடத்து! தண்ணியில் பென்சீன், டொலுவீன் எவ்வளவு என்று அளந்து அறிக்கையில் எழுது!

3. மீன் சோதனை ஒன்றை மட்டும் காட்டி நிவாரணத்தை மறுக்காதே! கைப்பம்புத் தண்ணியையும் வயல் மண்ணையும் பரிசோதனை செய்!

4. அறிக்கையைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

5. ஐப்பசிக் கசிவில் பயிர் இழந்தவர்களுக்கும் குளத்துமீன் இழந்தவர்களுக்கும் இழப்பீடு கொடு! பழுதான குழாயை மாற்றாமல் திறக்காதே!

பெருமக்களே, அந்த அயிரை நமக்காகச் சாட்சி சொல்லிவிட்டுச் செத்தது. அந்தச் சாட்சியை மழைத் தண்ணியில் கழுவிவிட்டார்கள். இனி ஒரு தடவை அப்படி நடக்க விடமாட்டோம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் முன்பு, வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். அந்தப் பதில் காகிதத்தின் நகலும் கையுமாக வாருங்கள். அதே காகிதத்தை வைத்து நாம் கேள்வி கேட்போம்.

வாய்க்காலைக் காப்போம்! வயலைக் காப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!