நகரின் அடியில் ஒரு மதில்



இலண்டன் மாநகரில் வைன் தெரு என்றொரு தெரு. அங்கே அண்மைக்காலத்தில் எழுந்த பெரிய கட்டடமொன்றின் மாடிகளில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருக்கின்றனர். அதன் அடித்தளத்திலோ, உரோமானியர் ஏறக்குறைய கி.பி. 200இல் எழுப்பிய நகர மதிலின் ஒரு துண்டு நிற்கிறது. 1905இல் வெளிப்பட்ட அதனை 2023 முதல் பொதுமக்களும் கண்டு வருகின்றனர்.

காஞ்சிக்கும் மதில் உண்டே என்பீர்கள். உண்மைதான். சுட்ட செங்கல்லால் ஓங்கிய மதிலைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. ஆயினும், தறியோசை கேட்கும் நம் தெருக்களில் நின்று, "இதோ அம்மதில்" என்று கைவைத்துக் காட்ட என்னால் இயலாது. கைவைத்துப் பார்க்க வேண்டுமாயின் சென்னைக்குத்தான் செல்லவேண்டும்.

சென்னைக் கோட்டைக்கு வெளியே, வடபுறத்தில், வணிகரும் நெசவாளரும் பிறரும் குடியிருந்த ஊரை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்றனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவர் மறைந்து நெருங்குவர் என்பது படைத்தலைவர்களின் கணக்கு. அக்கணக்கிற்கு அந்த ஊரே பலியாயிற்று. முதலில் பிரெஞ்சுக்காரர் ஒரு பகுதியை இடித்தனர். எஞ்சியதைப் பின்னர் ஆங்கிலேயரே இடித்தனர். மக்கள் வழிபட்ட கோயிலும் தப்பவில்லை. அது பின்பு பூக்கடைப் பக்கத்தில் புதிதாக எழுந்தது. அந்தப் பழைய ஊரின் மண்மீதுதான் 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது.

மக்கள் வடக்கே தள்ளிக் குடியேறினர். 1769இல் ஐதர் அலி சென்னையின் வாயிலுக்கே வந்து உடன்படிக்கை செய்துகொண்டு போனபின், புதிய ஊருக்கும் காவல் வேண்டுமென்று ஆங்கிலேயர் உணர்ந்தனர். பால் பென்ஃபீல்டு என்பவர் பொறுப்பில் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. செலவை ஊராரிடமே வரியாகத் தண்ட எண்ணினர், ஊரார் இசையவில்லை. வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் நிலைத்துவிட்டது. யானைக்கவுனி என்பதும் அம்மதிலின் வாயிலொன்றின் பெயரே. கவுனி என்றால் கோட்டை வாயில்.

கோட்டைக்கும் ஊருக்கும் இடையே வெட்டவெளி இருத்தல் வேண்டும், யாரும் வீடு கட்டலாகாது என்பதற்கு 1773இல் ஆறு எல்லைத் தூண்களை நட்டனர். ஐந்து மறைந்தன. ஒன்று பாரிமுனையில், பாரி நிறுவனத்தின் பெயரால் வழங்கும் அந்த முனையிலுள்ள டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் காக்கப்படுகிறது. அதனை அழகுத்தூண் என்று எண்ணிக் கடந்து செல்வோரே மிகுதி. உண்மையில் அது, "உன் வீடு இதற்கு இப்பால் கூடாது" என்று குடிமக்களுக்கு இட்ட ஆணை.

மதிலை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கத் தொடங்கினர். எஞ்சியதில் ஒரு பகுதி பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ளது. அதன் உச்சியில் மாநகராட்சி அமைத்த பூங்காவை மாடிப் பூங்கா என்பர். பணியில் இருந்த காலத்தில் ஒருமுறை மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். படியேறி, புல்தரையில் சற்று இளைப்பாறி, சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்த பின்னர் ஒரு சிறுவன் கேட்டான்: "மதிலைப் பார்க்க எப்போது ஐயா போவோம்?"

அவனைக் கீழே அழைத்துச் சென்று செங்கல்லின்மீது கையை வைக்கச் சொன்னேன்.