ஒரே வாளியில் இரண்டு போத்தல்

குளோரின் என்னும் வாயுவைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

குளோரின் நமக்கு அந்நியமானதன்று. குழாய்த் தண்ணீரில் நோய்க் கிருமிகளைக் கொல்ல அதை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். அதனால் நமக்கு நன்மையே. ஆனால் அதுவே வாயுவாகக் கிளம்பினால் நஞ்சு. முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானதால், அது பதுங்கு குழிகளுக்குள் இறங்கித் தங்கியது.

போர்க்களத்து வாயு நம் வீட்டுக்கு எப்படி வரும் என்று கேட்பீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், கழிவறையைக் கழுவ ஓர் அம்மாளிடம் இரண்டு போத்தல்களை வாங்கிக் கொடுத்தேன். ஒன்று குளோரோக்ஸ் என்று நாம் சொல்லும் வெளுப்பு நீர்; மற்றது கழிவறை கழுவும் ஆசிட். இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும் என்றெண்ணி, அவர் ஒரே வாளியில் ஊற்றிவிட்டார். சற்று நேரத்தில் கண்ணீர் வழிய, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். அன்றிரவு ஆஸ்பத்திரியில் கழிந்தது. குற்றம் அவருடையதன்று, பாடம் நடத்தும் நான் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

வெளுப்பு நீரோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் கிளம்பும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் அப்படியே. மூச்சோடு உள்ளே போன வாயு, ஈரமான இடங்களில் அமிலமாகி, கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் புண்ணாக்குகிறது. குழந்தைகளுக்கும் இழுப்பு நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

எவ்வளவு குளோரினைத் தாங்கலாம்? நம் மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றில் அரைப் பங்கு என்று எல்லை வகுத்தன. இருநூறு லிட்டர் டிரம் ஐந்தில் தண்ணீர் நிரப்பி, அவ்வளவுக்கும் சேர்த்துப் பத்துத் துளி மை விட்டால் என்ன அளவோ, அதுதான் இது. முப்பது பங்கானால் நெஞ்சு வலியும் வாந்தியும் மூச்சுத் திணறலும் உடனே வரும். சட்டத்தின் எல்லை வேலைத்தலத்துக்கு உரியது. கதவடைத்த குளியலறையில் அளந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? மூக்கையும் நம்ப முடியாது. சிறிது நேரத்தில் அது வாடைக்குப் பழகிவிடும்.

ஆகவே தாய்மார்களே, இவற்றை நினைவில் வையுங்கள். இரண்டு போத்தல்களை ஒருபோதும் கலக்காதீர்கள். மருந்தை வேறு போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். கழுவும்போது கதவு, சன்னல் திறந்திருக்கட்டும். நெடி ஏறினால் வாளியைக் காப்பாற்ற நிற்காமல் வெளியேறுங்கள். பள்ளத்தில் ஒதுங்காமல், காற்று வரும் திசையில் மேட்டுக்குப் போங்கள். நனைந்த துணியைக் களைந்து, கண்ணைக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இருமல் நின்றது என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நேரலாம். டாக்டரிடம் காட்டுங்கள், மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள்.

நம் பெண்கள் பலர் இன்று தோட்டத்தைவிட்டுத் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் மேலாளரிடம், "இந்தப் போத்தலில் என்ன இருக்கிறது? எதனோடு சேரக்கூடாது?" என்று கேட்கலாம். அது அடக்கமின்மை ஆகாது, உரிமை. அன்று அந்த அம்மாள் என்னிடம் கேட்கத் தயங்கினார். நீங்கள் தயங்க வேண்டாம்.