கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் வரலை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவள். எங்க குழுக் கணக்கை நோட்டில் எழுதி, பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏத்துவது என் வேலை. போன ஐப்பசியில் இடி மழையோடு கரண்ட் போயிடுச்சு. ராத்திரி திரும்ப வந்தது. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, கம்ப்யூட்டர் மட்டும் அசையலை. மறுநாள் 11 மணிக்குப் பேங்கில் எங்க 12 பேரோட கடன் விண்ணப்பம். ஒவ்வொருத்தர் சேமிப்பு, வாங்கின கடன், கட்டின தவணை எல்லாம் அச்சடிச்சுக் கொண்டு போகணும். ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டா, "மதர்போர்டு போயிருக்கும், உள்ளே இருந்ததும் போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க"ன்னு பார்க்காமலே சொல்லிட்டார். பார்க்காம சொன்னதை நான் எப்படி நம்புவேன்?

கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்க் என்ற தனிப் பெட்டியில். கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா கணக்கு அழிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. அதைக் கழட்டி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பெரும்பாலும் எடுத்துடலாம். யாராவது "ஃபார்மேட் பண்ணிடலாம்"னா, முதலில் கணக்கை வெளியே எடுத்துக் கொடுங்கன்னு கறாரா சொல்லிடுங்க.

முதலில் கரண்ட் அதுவரைக்கும் போகுதான்னு பார்த்தேன். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைப் போட்டேன், சார்ஜ் ஏறுச்சு. பின்பக்கம் வயர் சொருகும் இடத்துக்கிட்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தா ஆன், வட்டம் போட்ட பக்கம்னா ஆஃப். அதுவும் சரியாத்தான் இருந்தது.

மிக்சியில் உளுந்தைக் கெட்டியாப் போட்டு அரைச்சா சட்டுனு நின்னுடும் இல்லையா? அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கினா திரும்ப ஓடும். கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாத்திக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியும் அப்படித்தான். வோல்டேஜ் எகிறினா சில சமயம் தன்னைத்தானே பூட்டிக்கும். ஆனா அதுக்குச் சிவப்பு பட்டன் கிடையாது. பிளக்கை முழுசாக் கழட்டிட்டு, ஆன் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சு, உள்ளே தங்கின கரண்டை வடிய விடணும். பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டேன். உள்ளே ஃபேன் சுத்துச்சு! ஆனா திரை இருட்டு. பீப், பீப்னு சத்தம் வேற.

மறுபடி பிளக்கைக் கழட்டி, பக்கத்து மூடியைத் திறந்தேன். உள்ளே கை வைக்கும் முன்னாடி இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுக்கணும். ராம்னு ஒரு நீளப் பட்டை. ஓரத்துக் கொக்கியை விலக்கி எடுத்து, அதன் பளபளப்பான பல்வரிசையைப் பையனோட பென்சில் ரப்பரால் மெதுவாத் தேய்ச்சு, தூளைத் தட்டிவிட்டு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி வெச்சேன். திரை வந்துடுச்சு. தேதி மட்டும் ஏதோ பழைய வருஷத்தைக் காட்டுச்சு. உள்ளே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு, சிஆர்2032ன்னு பேரு. அது தீர்ந்தா பிளக்கைக் கழட்டும்போது தேதி மாறிடும். நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. தேதி தப்பினா தவணை கட்டின நாளும் தப்பிடும். சரி பண்ணிட்டுத்தான் அச்சடிச்சேன்.

கருகின வாசம் அடிச்சா மட்டும் இதெல்லாம் வேண்டாம், பிளக்கே போடாதீங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை எப்பவும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழட்டினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

தை மாசத்தில் இன்னொரு தடவை நின்னுச்சு. அப்போ என் வைத்தியம் எதுவும் பலிக்கலை. எஸ்எம்பிஎஸ்தான் போயிருந்தது. அதை மட்டும் மாத்தினோம். கணக்கு ஒரு வரி கூடக் குறையலை.

இப்போ கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிடறேன். வந்த பிறகும் லைட் மினுக்காம நிலையா எரியுற வரைக்கும் காத்திருந்துதான் போடறேன். கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே கணக்கைப் பென் டிரைவில் ஏத்தி எங்க பிரதிநிதி அக்கா வீட்டில் கொடுத்துடறேன். நோட்டு எழுதுறதையும் விடலை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அலுவலகக் கம்ப்யூட்டர் மூடியைத் திறந்து ராம் எது, பேட்டரி எதுன்னு காட்டறேன். தலைவி அக்கா அனுமதி கொடுத்திருக்காங்க. வர்றவங்க ஒரு பென்சில் ரப்பர் கொண்டு வாங்க.