சிண்டு முடிகிறவர்கள்

லவ்டேலுக்கும் அரவங்காட்டுக்கும் நடுவே மலை ரயில் நிற்கிற ஊர் கேத்தி. அங்கே கேரட் தோட்டத்தில் களை பறிப்பவர்களுக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. வள்ளுவர் அந்த வரப்பில் வந்து உட்கார்ந்து, காதல் என்ற பயிருக்கு ஊரார் பேச்சு எரு, தாயின் கடுஞ்சொல் தண்ணீர் என்றால், உரை கேட்காமலே புரிந்துகொள்வார்கள். அலரறிவுறுத்தல் என்ற 115ஆம் அதிகாரத்தில் அப்படிச் சொன்னவர்தான், புறங்கூறுபவர்களை 19ஆம் அதிகாரத்தில் வெளுத்து வாங்கியவரும்!

பழந்தமிழில் ஊர்வம்புக்குப் பருவங்கள் உண்டு. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் அம்பல். ஊரறியப் பேசினால் அலர். முன்னது மொட்டு, பின்னது மலர். வம்பு என்ற சொல்லுக்கே அன்று புதுமை என்றுதான் பொருள். பாவம், அது எங்கே வந்து சேர்ந்திருக்கிறது!

பிறகு வந்த சொற்களில் பூ வாசம் இல்லை. கோள்மூட்டி அடுப்பு மூட்டுவதுபோல் மூட்டுகிறார். இன்னொருவர் 'பத்த வைக்கிறார்'. எல்லாரையும் மிஞ்சியவர் சிண்டு முடிகிறவர். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குடுமிக்காரர்களின் சிண்டையும் சேர்த்து முடிந்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் எழுந்து போகிறவரைக் கற்பனை செய்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இவ்வளவு கலகம் இல்லை, 'விடுப்புக் கேட்க', அதாவது ஊர்க்கதை கேட்க, வருகிறார்கள், அவ்வளவுதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலும் இந்த வேறுபாடு உண்டு. வெறும் வம்பு 'உம்பேயா'. மூட்டிவிடும் வம்பு 'ஃபிதினா'. இரண்டாவது அரபியிலிருந்து போனது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'பித்னா' என்று கேட்கிறோமே, அதே சொல்தான்.

வம்பு அச்சேறிய கதை வேறு. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை 'இந்து நேசன்' இதழில் எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, பாகவதர் உள்ளே இருந்தார். இருவரும் விடுதலையானது 1947இல்.

அதற்குப் பிறகு பத்திரிகைகள் உஷாராகிவிட்டன. பெயரைச் சொல்லாமல், 'அந்த மூன்றெழுத்து நடிகை' என்று கோடி காட்டும் பகுதிக்குக் கிசுகிசு என்று தலைப்பு. லட்சம் பேர் படிக்கும் அலரை அச்சடித்துவிட்டு, அதற்கு அம்பலின் சத்தத்தைப் பெயராக வைத்துவிட்டார்கள்.